முதல் பழைய கார்டன் டிராக்டர்: கப் கேடட்டா, ஜான் டியரா, வீல் ஹார்ஸா?

போன மாதம் நண்பர் ஒருவர் மூன்று படங்கள் அனுப்பினார். மூன்றும் எங்கள் இந்தியானாவில், ஒரு மணி நேர கார் ஓட்டத்துக்குள் விற்பனைக்கு நிற்கிற பழைய கார்டன் டிராக்டர்கள். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கப் கேடட் 70, பச்சையில் 1967ஆம் வருடத்து ஜான் டியர் 110, சிவப்பில் எழுபதுகளின் வீல் ஹார்ஸ் சி-120. அவர் கையில் இருப்பது 800 டாலர். பையனுக்கு ஒன்பது வயது. அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து ஒன்றைப் பிரித்து, துரு எடுத்து, ஓடவிட்டு, அடுத்த ஆகஸ்டில் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது ஆசை. "எதை வாங்கட்டும் அண்ணா, நீங்க சொல்லுங்க" என்றார்.

இந்த மூன்று பெயருக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் அவர் மட்டும் இல்லை. இந்தப் பக்கம் வீடு வாங்கி, கராஜ் கிடைத்து, குளிர்காலத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று தேடுகிற நம் ஆட்கள் நாலைந்து பேர் என்னிடம் இதையே கேட்டிருக்கிறார்கள். அதனால் அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

ஊரில் டிராக்டர் என்றதும் வரும் உருவத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். இது உட்கார்ந்து ஓட்டும் குட்டி டிராக்டர், ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், எடை சுமார் 600 பவுண்டு. வெறும் புல் வெட்டும் வண்டியும் இது இல்லை. புல் வெட்டும் வண்டியின் பின்னால் கலப்பையைக் கட்டி இழுத்தால் கியர் பெட்டி போய்விடும், கார்டன் டிராக்டர் உழும், பனி தள்ளும், கிளறும். அறுபதுகளில் அமெரிக்கப் புறநகர் வீடுகளில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று நிலம் வைத்திருந்தவர்களுக்காகச் செய்தது. கெட்டி இரும்பு என்பதால்தான் அறுபது வருடம் கழித்தும் நம் கைக்கு வருகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். ஐந்துக்கும் ஒரே எடை கிடையாது.

முதலாவதும் பெரியதும், டிராக்டர் முழுசாக இருக்கிறதா என்பது. எஞ்சின் ஓடுகிறதா என்பதை நான் இதற்குப் பிறகுதான் வைப்பேன். என் முதல் டிராக்டர் ஒரு ஜான் டியர் 112, 150 டாலருக்குக் கிடைத்தது. எஞ்சின் பழுதில்லை. ஆனால் க்ரில் இல்லை, பானெட்டைத் தாங்கும் கொக்கிகள் இல்லை, ஒரு பக்க மட்கார்டை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். தகரம்தானே, கிடைத்துவிடும் என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் தேடினேன். கடைசியில் அந்தத் தகரத்துக்கும் கொக்கிகளுக்கும் மட்டும் டிராக்டர் விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்தேன். பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1967இன் ஒரு குறிப்பிட்ட மட்கார்டைப் புதிதாகச் செய்து விற்க ஆள் தேட வேண்டும்.

இரண்டாவது, எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு விசை போகும் வழி. மூன்று டிராக்டருக்கும் உண்மையான வித்தியாசம் இதில்தான். வீட்டில் ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பேனர் செட், ஒரு புல்லர் (இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் கருவி) மட்டும் வைத்திருக்கிற ஒருவரால் இதைப் பிரித்து மாட்ட முடியுமா?

மூன்றாவது, தகர வேலையும் பெயிண்டும் எவ்வளவு வாங்கும். நான்காவது, கண்காட்சியில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்: நிறுத்தி வைத்துக் காட்டவா, ஊர்வலத்தில் ஓட்டவா, உழவா, இழுவைப் போட்டியில் கட்டி இழுக்கவா? ஐந்தாவது, உதிரிபாகமும் கூடவே மாட்டுகிற கருவிகளும் உங்கள் ஊரைச் சுற்றிக் கிடைக்கிறதா.

விலை இந்தப் பட்டியலில் இல்லை. வாங்கும் விலை பெரும்பாலும் மொத்தச் செலவில் கால்வாசி அளவில்தான் இருக்கும். அந்தக் கணக்கைப் பிறகு காட்டுகிறேன்.

## எஞ்சினை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்

ஏனென்றால் மூன்றிலும் இருப்பது ஒரே குடும்பத்து எஞ்சின், கோலர் நிறுவனத்தின் கே வரிசை. கப் கேடட் 70இல் கே161, 7 குதிரை சக்தி. 1967 ஜான் டியர் 110இல் கே181, 8 குதிரை சக்தி. சி-120இல் கே301, 12 குதிரை சக்தி. வார்ப்பிரும்பு பிளாக், ஒரு சிலிண்டர். கிணற்றடியில் ஆயில் எஞ்சின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் சத்தம் உடனே பிடித்துவிடும்.

பழகுவதற்கு இதைவிட நல்ல எஞ்சின் எனக்குத் தெரியாது. பாயிண்ட், அதாவது ஸ்பார்க் வருவதற்காகத் திறந்து மூடுகிற சின்ன ஸ்விட்ச், ஃப்ளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்காது. பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி, இரண்டு திருகு, திறந்தால் எதிரே நிற்கும். உள்ளிருந்து ஒரு சின்னக் கம்பி வந்து அதைத் தள்ளித் திறக்கும். இடைவெளி 0.020 அங்குலம். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து இழுக்கும்போது லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், இறுகி நிற்கக் கூடாது. அப்புறம் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினால், பார்ப்பதற்கென்று விட்ட ஓட்டை வழியாக 'எஸ்' என்ற எழுத்து தெரியும். பாயிண்ட் திறக்கத் தொடங்குவதும் அந்த எழுத்து ஓட்டையின் நடுவில் வந்து நிற்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் அரை மணி நேர வேலை. ஒன்பது வயதுப் பையன் டார்ச் பிடித்துக்கொண்டு "வந்துடுச்சுப்பா" என்று சொல்வதற்கு ஏற்ற வேலையும் கூட.

இந்த எஞ்சின்களில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் சின்னக் கரண்டி போல ஒன்று நீண்டிருக்கும், சுற்றும்போது அது ஆயிலை அள்ளித் தெளிக்கும். ஆயில் குறைந்தாலோ, செங்குத்தான சரிவில் ரொம்ப நேரம் ஓட்டினாலோ கரண்டிக்கு ஆயில் எட்டாது. ராடு அலுமினியம். அது உடைந்து பிளாக்கைக் குத்தி வெளியே வந்த எஞ்சின்களை ஒவ்வொரு கண்காட்சியின் உதிரிபாகச் சந்தையிலும் பார்க்கலாம். அதனால் எதை வாங்கப் போனாலும் பிளாக்கின் பக்கத்தில் வெல்டிங் தடயமோ பசை பூசிய ஒட்டோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வீல் ஹார்ஸ் வாங்குகிறவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனியுங்கள். அவர்கள் பல வருடங்களாகப் பல நிறுவன எஞ்சின்களைப் போட்டார்கள், பிரிக்ஸ், டெகம்சே, கிளிண்டன் எல்லாம் உண்டு. முதல் டிராக்டர் என்றால் கோலர் உள்ளதாகவே பாருங்கள். உதிரிபாகம் அவ்வளவு சுலபமாக மற்றதற்குக் கிடைக்காது.

## கப் கேடட் 70

பெரிய விவசாய டிராக்டர் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆலையில் செய்தது. முதல் கப் கேடட் 1960இன் கடைசியில் வந்தது. அதன் கியர் பெட்டி அவர்களுடைய ஃபார்மால் கப் என்ற சின்ன விவசாய டிராக்டரிலிருந்து எடுத்தது. பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரியும், தோட்டத்து வண்டிக்குத் தேவையானதைவிடக் கனமான வார்ப்பு. முதல் மாடலில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் பெல்ட் இருந்தது. 1963இல் வந்த 70, 100 இரண்டிலும் பெல்ட்டை எடுத்துவிட்டு நேராகத் தண்டு போட்டார்கள். எஞ்சின், கிளட்ச், தண்டு, கியர் பெட்டி என்று ஒரே கோடு. குழம்புவதற்கு இடமே இல்லை, கார் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவருக்கு இதுவும் தெரியும்.

மறைந்திருக்கும் செலவும் அந்தக் கோட்டில்தான். தண்டிலும் கிளட்சிலும் குத்தியிருக்கிற சுருள் பின்கள் அறுபது வருடத் துருவில் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பின் ஒன்றைத் தட்டி எடுக்க ஒரு முழுச் சனிக்கிழமை போன நாள் எனக்கு உண்டு. தண்டில் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதுப் பின் நிற்காது, தண்டையே மாற்ற வேண்டும். ஸ்டீயரிங் பெட்டியில் ஆட்டம், முன் அச்சின் நடுப் பின்னில் ஆட்டம், க்ரில்லைத் தாங்கும் வார்ப்பில் விரிசல், இந்த மூன்றையும் பாருங்கள். ஸ்டீயரிங் ஆட்டத்தைத் திருகி ஓரளவு குறைக்கலாம். வார்ப்பு விரிசலுக்கு நல்ல வெல்டர் வேண்டும்.

பெயிண்ட் கொஞ்சம் கஷ்டம். மஞ்சள் ஒரு பகுதி, வெள்ளை ஒரு பகுதி, இரண்டும் சந்திக்கிற இடத்தில் டேப் ஒட்டி மறைத்து அடிக்க வேண்டும். வெள்ளையின் மேல் மஞ்சள் தூசி படிந்தால் பளிச்சென்று தெரியும்.

உழவு நாட்களுக்குப் போக வேண்டும், கனமான வேலை வாங்க வேண்டும், இயந்திரத்தின் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதில்தான் ஆசை என்றால் கப் கேடட் எடுங்கள். அடுத்தடுத்து வாங்கிச் சேர்க்கும் எண்ணம் இருந்தாலும் இதுதான் சரி, மாடலுக்கு மாடல் நிறையப் பாகம் பொருந்தும். ஆனால் கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் ஓடுகிற ஹைட்ரோஸ்டாட்டிக் மாடல்களை, 1965இல் வந்த 123 முதல், இரண்டாவது டிராக்டராக வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் நிற்காமல் ஊர்ந்து போகிற ஹைட்ரோவைச் சரிசெய்வது முதல் வருடத்து வேலை இல்லை.

## ஜான் டியர் 110

விஸ்கான்சினின் ஹோரிகான் ஆலையில் 1963இல் வந்தது. அந்த முதல் வருடம் செய்தது 1,000 டிராக்டர்தான், 7 குதிரை சக்தி. அடுத்த வருடம் 8 ஆனது. 1967 வரை மட்கார்டு உருண்டையாக வளைந்திருக்கும், 1968இலிருந்து சதுரம். சேகரிப்பவர்கள் 'ரவுண்ட் ஃபெண்டர்' என்று சொல்லி அதிக விலை கேட்பது இந்த முதல் ஐந்து வருடத்து வண்டிகளுக்குத்தான். நண்பர் பார்த்தது அதில் கடைசி வருடத்தது.

அழகு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் அழகு. அந்த வளைந்த மட்கார்டும் பானெட்டும் ஒரே ஆள் ஒரே உட்காரலில் வரைந்தது போல இருக்கும். கண்காட்சியில் குழந்தைகள் முதலில் ஓடிவருவதும் இதனிடம்தான், பச்சையும் மஞ்சளும் அவர்கள் பொம்மையில் பார்த்த நிறம்.

விசை போகும் வழியில் வேரியேட்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நெம்புகோலைத் தள்ளினால் நடுவில் இருக்கும் புல்லி விரியும், சுருங்கும். பெல்ட் ஏறி இறங்கும். கிளட்ச் அழுத்தாமல், கியர் மாற்றாமல் ஓடும்போதே வேகம் கூடும், குறையும். அந்தக் காலத்துக்கு நல்ல யோசனை. இன்று நமக்கு அதில் தேய்ந்த புஷ், இரண்டு பெல்ட், சரியாக வைக்க வேண்டிய அளவுகள். ஒரு அளவு தப்பினால் வண்டி குதித்துக் கிளம்பும். செய்ய முடியாதது இல்லை, ஆனால் கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்ய வேண்டும்.

உதிரிபாகத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. நிறுவனம் அதே பெயரில் இன்றும் இருக்கிறது, கடையில் போய் எண் சொன்னால் பல பழைய பாகங்கள் வந்து சேரும். ஆனால் ஜான் டியர் என்ற பெயருக்கே விற்பவர் தனியாக ஒரு விலை வைப்பார், டயர் இல்லாத எலும்புக்கூட்டுக்குக் கூட.

நிறுத்தி வைத்துக் காட்டுவதுதான் முக்கியம், தகர வேலையும் பெயிண்டும் பிடிக்கும், முழுசாக ஒன்று கிடைத்திருக்கிறது என்றால் தயங்காமல் 110 எடுங்கள். 1969 முதல் 1971 வரை வந்த 'பேட்டியோ' வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள். வெள்ளை உடம்பு, பானெட்டும் சீட்டும் மட்டும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று நான்கு நிறத்தில் வந்தவை. பழைய நிறம் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அதன்மேல் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யாரோ ஒருவர் பச்சை அடித்து மறைத்த பேட்டியோ ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். மட்கார்டின் அடியில் மட்டும் வெள்ளை மிச்சம் இருந்தது.

## வீல் ஹார்ஸ் சி-120

இது எங்கள் மாநிலத்து வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருடம், 1946இல், சவுத் பெண்ட் ஊரில் எல்மர் பாண்டும் மகன் செசிலும் தொடங்கியது. 1974இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் என்ற கார் நிறுவனத்திடம் போனது, 1986இல் டோரோ வாங்கியது. ஜான் டியர் போல விளம்பரப் பெயர் இல்லாததால் விலை இன்னும் நியாயமாக இருக்கிறது.

விசை போகும் வழி மூன்று வண்டியிலும் இதில்தான் எளிது. எஞ்சினிலிருந்து ஒரே ஒரு பெல்ட், அதை இறுக்கித் தளர்த்துகிற ஒரு புல்லிதான் கிளட்ச், பின்னால் வீல் ஹார்ஸே செய்த கியர் பெட்டி. எட்டு வேகம் என்று எழுதியிருக்கும், முன்னால் போக ஆறு, பின்னால் வர இரண்டு. பெல்ட் மாற்றக் கற்றுக்கொள்வதற்கு ஒரு மதியம் போதும்.

இப்போது இந்த வண்டியின் ஒரே பெரிய ஆபத்து. கியர் கம்பி கியர் பெட்டிக்குள் இறங்கும் இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கும். வெயிலில் அது வெடித்துவிடும். வண்டியை வெளியில் நிறுத்தினால் மழைத் தண்ணீர் கம்பி வழியாக நேராக உள்ளே இறங்கும், வருடக்கணக்காக. குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறையும். கியர் மாற்ற வரவில்லை என்று விற்பவர் சொன்னால் பலமுறை இதுதான் காரணம். நான் ஒரு களஞ்சியத்தில் பார்த்த சி-120இல் கியர் பெட்டியின் ஆயில் அளவுகோலை (டிப்ஸ்டிக்) உருவியதும் பால் காபி நிறத்தில் ஆயில் ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே இருக்கிற போல்ட்டைத் திறந்தோம். முதலில் அரை லிட்டருக்கு மேல் துரு கலந்த தண்ணீர், அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அப்புறம்தான் கெட்டியாக ஆயில். விற்பவர் நல்ல மனிதர், அவருக்கே தெரியவில்லை, பாதி விலைக்குக் கொடுத்தார். நான் கழுவி, சீலும் பேரிங்கும் மாற்றினேன். கியர் பற்கள் தப்பித்திருந்தன, அது என் அதிர்ஷ்டம்.

இன்னொன்று பின் சக்கர ஹப். அச்சில் ஒரு சாவியும் (ஹப் வழுக்காமல் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு) இறுக்குகிற திருகும்தான் அதைப் பிடித்திருக்கின்றன. திருகு தளர்ந்ததோடு யாராவது ஓட்டியிருந்தால் சாவி உட்காரும் பள்ளம் அகன்றுவிடும். பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் டக் டக் என்று சத்தம் வருகிறதா பாருங்கள். பழைய ஹப்பைக் கழற்ற நல்ல புல்லரும் துரு நெகிழ்த்தும் ஆயிலும் சில நாள் பொறுமையும் வேண்டும், சுத்தியால் அடித்தால் வார்ப்பு உடையும்.

கருவிகளை மாட்டுவதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. டேக்-எ-மேட்டிக் என்று ஒரு நெம்புகோல் பூட்டு வைத்திருக்கிறார்கள், ஸ்பேனர் எடுக்காமலே பனித் தகடு, கிளறி எல்லாம் மாட்டலாம், கழற்றலாம். ஓட்டவும் உழவும் காட்டவும் ஒரே வண்டி போதும் என்கிறவருக்கும், முதல் முறை கை வைக்கிறவருக்கும், குழந்தையோடு செய்கிறவருக்கும் நான் சொல்வது இதுதான்.

## ஒரே பார்வையில்

| | கப் கேடட் 70 | ஜான் டியர் 110 (1967) | வீல் ஹார்ஸ் சி-120 |
|---|---|---|---|
| சக்தி | 7 | 8 | 12 |
| விசை போகும் வழி | கிளட்ச், நேர்த் தண்டு | வேரியேட்டர், இரண்டு பெல்ட் | ஒரே பெல்ட் |
| முதலில் பார்க்க வேண்டியது | தண்டின் பின்கள், க்ரில் வார்ப்பு | மட்கார்டு, பானெட், வேரியேட்டர் ஆட்டம் | கியர் பெட்டி ஆயில், பின் ஹப் |
| பெயிண்ட் வேலை | இரண்டு நிறம், மறைப்பு வேலை | வளைவு அதிகம், குறை தெரியும் | எளிது |
| நன்றாக ஒத்துவருவது | உழவு, சேகரிப்பு | காட்சி | முதல் வண்டி, எல்லாமும் |
| வேண்டாம் என்றால் | துருப்பிடித்த பின்னோடு போராடப் பொறுமை இல்லை | தகரம் குறைகிறது | கியர் பெட்டியில் தண்ணீர், விலையும் குறையவில்லை |

## யாரும் முதலில் சொல்லாத செலவு

என் வீல் ஹார்ஸின் நோட்டுப் புத்தகம் இது. டிராக்டர் 450 டாலர். நான்கு டயரும் ட்யூபும் 310. எஞ்சினுக்கு பிஸ்டன், ரிங், கேஸ்கெட், ரீபோர் (தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது) 380. பெயிண்ட், ப்ரைமர், பட்டி, உப்புத்தாள், மாஸ்க் 290. பெல்ட், சீல், பேரிங் 140. சீட் 110. ஸ்டிக்கர் 60. மொத்தம் 1,740. இதே அளவுக்கு முடித்த இன்னொரு வண்டி அதே வருடம் 1,200க்கு விற்றதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. லாபத்துக்காகச் செய்கிற வேலை இது இல்லை, அந்த எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் வாங்குவதற்கு முன்பே விட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்கில் வராதவையும் உண்டு. பழைய உழவு வண்டிகளின் பின் டயருக்குள் எடைக்காகக் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்பியிருப்பார்கள். வால்வு கசிந்திருந்தால் அது ரிம்மை உள்ளிருந்தே தின்றிருக்கும், டயரைக் கழற்றும்வரை தெரியாது. ரிம் தனிச் செலவு. பல பழைய வண்டிகளில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒரே பொருளாகப் பெல்ட்டில் ஓடும், அதைப் பிரித்துச் சரிசெய்யக் கொடுத்தால் நூறு டாலருக்குக் குறையாது. அப்புறம் ட்ரெய்லர். இது இல்லாமல் எந்தக் கண்காட்சிக்கும் போக முடியாது, முதல் வருடம் வாடகைக்கே எடுங்கள்.

ரீபோர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பிளாக்கை ஒரு பட்டறையில் கொடுத்தேன், 0.010 அங்குலம் பெரிசு பண்ணச் சொன்னேன், பிஸ்டன் பிறகு வாங்கலாம் என்று நினைத்தேன். வந்த பிஸ்டனுக்கும் துளைக்கும் இடைவெளி அதிகம். மறுபடி 0.020க்குப் போக வேண்டியதாயிற்று, இன்னொரு பிஸ்டன், இன்னொரு இரண்டு மாதம். முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதையும் பிளாக்கையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த பிஸ்டனை அளந்து அதற்கேற்ற மாதிரி துளைக்கச் சொல்லுங்கள்.

உடம்புக்கான செலவையும் மறக்காதீர்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது உலர்ந்த தூசி பறக்கத் தேய்க்காதீர்கள், தண்ணீர் விட்டு உப்புத்தாள் போடுங்கள். ஹார்டனர் கலக்கிற கார் பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு, சாதாரண மாஸ்க் அதற்குப் போதாது, வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க் வேண்டும். அது இல்லையென்றால் ஹார்டனர் இல்லாத டிராக்டர் எனாமலே போதும், கண்காட்சியில் யாரும் குறை சொல்வதில்லை. துருவை எடுக்க சலவை சோடா கரைத்த தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் வைத்துச் செய்வீர்கள் என்றால் வெளியில் வைத்துச் செய்யுங்கள், ஹைட்ரஜன் வரும். சார்ஜரின் பாசிட்டிவ் முனையில் மாட்டச் சாதாரண இரும்புத் துண்டு போதும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டவே வேண்டாம், கரைசல் விஷமாகிவிடும்.

## பெயிண்ட் அடிப்பதா, அப்படியே விடுவதா

மூன்றில் எதை எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். பெயிண்ட் அடிக்காமல் பழைய தோற்றத்தோடு நிற்கிற டிராக்டரை இங்கே 'வேலை உடையில் இருக்கிறது' என்பார்கள். பழைய நிறம் பாதிக்கு மேல் இருக்கிறது, ஸ்டிக்கர் படிக்க முடிகிறது என்றால் கழுவி, மெழுகு பூசி, எஞ்சினை மட்டும் சரிசெய்து நிறுத்துங்கள் என்பது என் கருத்து. ஒருமுறை என் டிராக்டர் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து குனிந்தார். நான் மூன்று வாரம் பாலிஷ் போட்ட பானெட்டை அவர் பார்க்கவே இல்லை. பின் அச்சுப் பக்கம் போய் ஒவ்வொரு போல்ட் தலையாகப் பார்த்தார், தலையில் இருக்கிற குறியை விரலால் தொட்டார். இரண்டு போல்ட் நான் கடையில் வாங்கிப் போட்டது, அந்த இரண்டையும் சரியாகக் காட்டினார். அன்றிலிருந்து பழைய போல்ட் எதையும் நான் தூக்கிப் போடுவதில்லை.

ஆனால் வீட்டுத் தூரிகையால் மூன்று தடவை பூசிய வண்டி, துரு தகரத்தைத் துளைத்த வண்டி, இவற்றை முழுசாகப் பிரித்து டிங்கரிங் பண்ணி அடிப்பதில் தப்பே இல்லை.

## எங்கே கொண்டுபோவது

போர்ட்லண்ட், இந்தியானாவில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கிற எஞ்சின், டிராக்டர் கண்காட்சிதான் எங்களுக்குப் பக்கம். உதிரிபாகச் சந்தைக்காகவே ஒரு நாள் தேவைப்படும். இல்லினாய், ரண்டூலில் 'ஹாஃப் செஞ்சுரி ஆஃப் ப்ராகிரஸ்' இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அயோவாவின் மவுண்ட் ப்ளெசண்ட்டில் 'ஓல்ட் த்ரெஷர்ஸ்' 1950இலிருந்து, தொழிலாளர் தின விடுமுறையோடு முடிகிற மாதிரி ஐந்து நாள். வீல் ஹார்ஸ் வைத்திருப்பவர்களுக்கென்றே பென்சில்வேனியாவின் அரெண்ட்ஸ்வில்லில் பல வருடங்களாக ஜூனில் ஒரு கூட்டம் நடக்கிறது. பெரும்பாலும் மதிப்பெண், பரிசு என்று எதுவும் இல்லை. நிறுத்துவீர்கள், பேசுவீர்கள், மாலையில் ஊர்வலமாக ஓட்டுவீர்கள்.

இழுவைப் போட்டியில் ஆசை இருந்தால் எஞ்சினை 3,600 சுற்றுக்கு மேல் போகவிடாத சாதாரணப் பிரிவில் மட்டும் கலந்துகொள்ளுங்கள். கவர்னரை (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) மீறி ஓட்டினால் அந்த வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் வெடிக்கக்கூடியது. இன்னொன்று, இந்த வயது டிராக்டர்களில் பலவற்றில் சீட்டிலிருந்து ஆள் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்காது. பையனைத் தனியாக ஓட்டவிடும் முன் ஒரு ஸ்விட்ச் வைத்துவிடுங்கள், அசல் தோற்றம் கெட்டாலும் பரவாயில்லை.

## நண்பருக்குச் சொன்னது

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 110இல் இடது மட்கார்டின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது, பானெட் கொக்கி ஒன்றைக் காணோம். அதனால் அதை மூன்றாவதாக வைத்தேன், அதே வண்டி முழுசாக இருந்திருந்தால் யோசித்திருப்பேன். முதலில் சி-120ஐப் போய்ப் பாருங்கள், கியர் பெட்டி அளவுகோலை உருவாமல் விலை பேசாதீர்கள், ஆயில் பால் நிறத்தில் இருந்தால் கப் கேடட்டுக்குப் போங்கள், அதன் தண்டைக் கையால் திருப்பிப் பின்களில் ஆட்டம் பாருங்கள் என்றேன். 800இல் 450க்கு மேல் வண்டிக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

கையில் ஒரு டார்ச், ஒரு காந்தம், பழைய துணி எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. கம்ப்ரெஷன் கேஜ் வேண்டாம், பல கோலர் எஞ்சின்களில் ஸ்டார்ட் பண்ணும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடுகிற அமைப்பு உண்டு, அதனால் நல்ல எஞ்சினும் குறைவாகவே காட்டும். வருகிறேன் என்று சொல்லும்போதே விற்பவரிடம் "எஞ்சினை நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போய் இறங்கியதும் பேசிக்கொண்டே சிலிண்டர் ஹெட்டின் மேல் ஒரு கையை வையுங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டிவிட்டார் என்று அர்த்தம், குளிரும்வரை காத்திருந்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.